அத்தானுக்கு நான் தேர்ந்தெடுத்த புல்வெட்டி

எங்கள் கடையின் முன்கூடத்தில் அத்தான் ஒரு புல்வெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு எடுத்த பாத்திக் சட்டை, துடைத்துப் பளபளப்பாக்கிய சப்பாத்து. பக்கத்தில் நின்ற அக்கா, "போதும் இறங்குங்க, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று நெளிந்துகொண்டிருந்தாள். எனக்கு அவரைப் பார்க்கப் பெண் பார்க்க வந்தவர் போலத்தான் இருந்தது. அன்று கூடத்தில் மூன்று வண்டிகள் நின்றன. மூன்றிலும் அப்படி ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, முதுகை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேச்சே ஆரம்பித்தார். போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் கொள்கலன் தூக்கும் வண்டி ஓட்டியவர். வண்டியைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி, உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பார்.

கிள்ளானில் அந்தக் கடையில் நான் இருபத்தொரு வருடமாக வேலை பார்க்கிறேன். புல்வெட்டி, தண்ணீர் பம்பு, மரம் அறுக்கும் இயந்திரம் எல்லாம் விற்கிறோம். முதலில் உதிரிபாகக் கவுண்டரில் இருந்தேன், பிறகு விற்பனைக்கு மாற்றினார்கள். இப்போதும் புதிதாக வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தவுக்கே இல்லையா?" என்று முதலாளியைத்தான் கேட்பார்கள். சேலை கட்டியவளுக்குப் பல்சக்கரம் எது, பெயரிங் எது என்று தெரியும் என்பதை ஏற்க அவர்களுக்குக் கால் மணி நேரமாவது பிடிக்கும். அத்தானுக்கு அந்தக் கால் மணி நேரம் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்தே அவருக்கு நான் 'இன்ஜினியர்'. நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. பாதி கேலியாகத்தான் அழைக்கத் தொடங்கினார். போகப்போக அவரே அதை நம்பிவிட்டார். "இன்ஜினியர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை ஒளிப்பதில் இனி அர்த்தமில்லை.

ஓய்வு பெற்றதும் அத்தான் செமினிக்கு அப்பால் எட்டு ஏக்கர் நிலம் வாங்கினார். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற இடம். அதற்குப் பிறகு யாரோ ரம்புத்தானும் டுரியானும் வைத்துவிட்டுக் கவனிக்காமல் போயிருந்தார்கள். முழுக்க மேடும் பள்ளமும். நாற்காலி ஒன்றை நான்கு காலும் தரையில் படும்படி போட அங்கே இடம் கிடையாது. லாலான் புல் இடுப்பு உயரம் நின்றது. தோளில் மாட்டும் வெட்டியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் போராடினார். இந்தப் பக்கம் வெட்டி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் முளைத்துவிடும். கூலிக்கு ஆள் வைத்தால் இன்று வருவார்கள், நாளை வரமாட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் இருந்தார்கள். இடுப்பு வலியோடு அவர் படியேறுவதைப் பார்த்த அக்காதான், "பாப்பாகிட்ட கேட்டு உட்கார்ந்து ஓட்டுற மிஷின் ஒண்ணு வாங்குங்க" என்று என்னிடம் கூட்டி வந்தாள்.

அன்று நான் காட்டிய கெட்டிக்காரத்தனம் இன்றும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. முதல் வண்டி பார்க்க அழகாக இருக்கும், பளபளவென்று சிவப்பு. ஆனால் அதன் கத்திப்பெட்டி மெல்லிய தகடு. மரவேரில் நான்கு இடி இடித்தால் நெளிந்துவிடும். கியர்ப்பெட்டியும் அடைத்து மூடியது. மேட்டில் ஏறி ஏறிச் சூடானால் எண்ணெய் மாற்ற வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாவது வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும், வேகமாக வெட்டும். ஆனால் முன்சக்கரங்கள் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் போலச் சும்மா சுற்றுகிறவை. ஈரச் சரிவில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. மூன்றாவதுதான் மேட்டு நிலத்துக்கு என்றே செய்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். கத்திப்பெட்டி கனத்த இரும்பு. பெயரிங் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் வைக்கலாம். எந்தப் பாகம் கேட்டாலும் எங்கள் பின்னறையிலேயே இருக்கிறது. தட்டிக் காட்டினேன், படுத்து அடியில் டார்ச் அடித்துக் காட்டினேன். சேலையில் கறை பட்டதற்கு அக்கா திட்டினாள்.

மூன்றாவது வண்டியின் இருக்கைக்குப் பின்னால் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு கனத்த இரும்பு வளைவு உண்டு, ரோல் பார் என்போம். தேவைப்பட்டால் அதைப் பின்பக்கம் மடக்கலாம். "இது எதுக்கும்மா?" என்று அத்தான் கேட்டார்.

"வண்டி கவிழ்ந்தா உங்க மேல விழாம இது தாங்கும், அத்தான். பெல்ட்டும் இதும்..."

"வாங்கும்போதே கவிழற பேச்சு எதுக்குடி?" என்று அக்கா குறுக்கிட்டாள். "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். நல்ல வார்த்தை பேசு."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். காப்புறுதிக்காரர் வந்தால்கூட 'ஒருவேளை' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை முடிக்க விடமாட்டோம். அப்படி நின்றுபோன வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. அத்தான், "நம்ம காலத்துக்கு உழைக்குமா?" என்று கேட்டார். உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்கும் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அக்காவும் நானும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவர்கள். அப்பாவின் சைக்கிளில் ஆரம்பித்து எங்கள் குடும்பத்தில் வந்த எல்லா வண்டிக்கும் அங்கே ஒரே கோயிலில்தான் பூஜை. புல்வெட்டிக்கும் போட்டே ஆகவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். அதனால் கிள்ளானிலிருந்து நேராகச் செமினிக்குப் போக வேண்டிய லோரி பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றிக்கொண்டு போனது. லோரியின் மேல்தார்ப்பாயில் இடிக்கும் என்பதால் ஓட்டுநர் அந்த வளைவை மடக்கிவைத்திருந்தார். இறக்கும் இடத்தில் திரும்ப நிமிர்த்திப் பூட்டாணியைப் போடுவது வழக்கம். கோயில் வாசலில் பலகை போட்டு வண்டியை இறக்கினோம். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடிக்க, குருக்கள் அவசரமில்லாமல் குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அத்தான் சாவியைத் திருப்பி ஒரு சாண் முன்னால் நகர்த்தியதும் பழங்கள் நசுங்கின. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு குருக்கள் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த மஞ்சள் கயிற்றோடு கட்ட இடம் தேடினார். காரென்றால் கண்ணாடி இருக்கிறது, மோட்டார் சைக்கிளென்றால் கைப்பிடி இருக்கிறது. இதில் என்ன செய்வது? கடைசியில் மடங்கிக் கிடந்த வளைவையும் அதன் அடிச்சட்டத்தையும் சேர்த்து ஏழு சுற்றுச் சுற்றி முடிந்தார். "அதுவா அறுந்து விழுற வரைக்கும் கை வைக்காதீங்க" என்றார். நெடுஞ்சாலையில் காற்றுக்கு அவிழ்ந்துவிடும் என்று அக்காவுக்குப் பயம். எதிர்க்கடையில் பிளாஸ்டிக் ராஃபியா கயிறு கேட்டு வாங்கிவந்து, பார்சல் கட்டுகிற மாதிரி அதன்மேல் இறுக்கிக் கட்டினாள். இனி அது தானாக அறுந்து விழ வாய்ப்பே இல்லை. நான் பக்கத்தில் நின்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செமினியில் இறக்கும்போது ஓட்டுநர் சாமி கயிறு என்று பார்த்து அப்படியே விட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நிலம் முடி வெட்டிவிட்ட பிள்ளையின் தலை மாதிரி சுத்தமாக இருந்தது. அத்தான் மேட்டில் ஏறி இறங்கி எனக்காக வேடிக்கை காட்டினார். வளைவு இன்னும் மடங்கியே கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். எலுமிச்சை காய்ந்து கறுத்திருந்தது. ராஃபியா கயிறு நேற்றுக் கட்டியதுபோல் இறுகியிருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து மாங்காய் சீவிக்கொண்டிருந்த என் கையில் கத்தி இருந்தது.

"அத்தான், அந்த ரோல் பாரைத் தூக்கி நிறுத்தணும்" என்றேன்.

"ரம்புத்தான் கிளையில மாட்டுதும்மா. அதோட சாமி கயிறு வேற. உங்க அக்கா கட்டுன கட்டு, லேசுல அவிழுமா?" என்று சிரித்தார்.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, "கயித்துல கை வைக்காதீங்க. ஐயர் என்ன சொன்னாரு?" என்றாள்.

நல்ல சாப்பாடு, நல்ல பேச்சு. கயிற்றை அறுத்து அக்காவின் முகத்தைச் சுருங்கவைக்க எனக்கு மனமில்லை. ஏதாவது ஒன்று சொல்லி என் கடமையை முடித்துக்கொள்ள நினைத்தேன். "அப்ப பெல்ட்டாவது போட்டுக்கிட்டு ஓட்டுங்க" என்றேன்.

"இன்ஜினியர் சொன்னா சரி" என்றார். சாப்பிட்டு எழுந்து மறுபடி வண்டியில் ஏறியபோது, எனக்குக் காட்டுவதற்காகவே பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் 'டக்'கென்று மாட்டினார்.

காஜாங் டோல் சாவடியில் வரிசையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வண்டி விற்க வந்த புதிதில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே இரண்டு முறை அழுத்திச் சொன்ன விஷயம் ஒன்றே ஒன்றுதான். வளைவு நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம், வளைவு மடங்கியிருந்தால் பெல்ட் போடவே கூடாது. மடங்கிய நிலையில் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் குதித்துத் தப்பிக்க வேண்டும். பெல்ட் போட்டிருந்தால் வண்டியோடு சேர்ந்து அடியில் போய்விடுவார். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அத்தானிடம் மட்டும் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் போன் பண்ணலாம் என்று நினைத்தேன். போனதும் களைப்பாக இருந்தது. மறுநாள் கடையில் சரக்கு வந்து இறங்கியது. அதற்கு மறுநாள் போனைக் கையில் எடுத்தேன். 'நான் சொன்னது தப்பு' என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக் கீழே வைத்தேன். இன்ஜினியர் என்ற பெயருக்கு வந்த கேடுதான் அது, வேறொன்றுமில்லை. அடுத்த முறை போகும்போது சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த முறை போகவே இல்லை.

மூன்றாவது வாரம், இரவெல்லாம் மழை பெய்து விட்ட ஒரு காலையில், ஓடைப் பக்கத்துச் சரிவில் அத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். பழைய ரப்பர் அடிமரம் ஒன்று மக்கிப்போய், மேலே புல் மூடி, கீழே குழியாகக் கிடந்தது. மேல்பக்கச் சக்கரம் அதில் விழுந்திருந்தால்கூட வண்டி நின்றிருக்கும். கீழ்ப்பக்கச் சக்கரம் விழுந்தது. வண்டி ஒரே ஒரு முறை புரண்டது. பக்கத்துத் தோட்டத்து இந்தோனேசியக்காரர்கள் ஓடிவந்து புரட்டியபோது பெல்ட் கொக்கி கழலாமல் அப்படியே இருந்ததாம். கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று அக்காவின் போனை எடுத்தேன். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒரே வாக்கியம்தான். "பெல்ட்கூடப் போட்டிருந்தாருடி."

துக்க வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நேரம் என்றார்கள், மண்ணில் ஏதோ குறை என்றார்கள். கோயிலுக்குக் கொண்டுபோய்க் கயிறு கட்டியும் இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு அத்தை வாய்விட்டு அழுதபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தேநீர் ஆற்றினேன். கடையில் தவுக்கே என் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டு, வண்டிக்கு என்ன சேதம் என்று விசாரித்தார். முன்மூடி உடைந்தது, ஸ்டியரிங் வளைந்தது, மற்றபடி சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது என்றேன். "அது ஸ்ட்ரோங் மிஷின் லா" என்றார். அவர் மேல் தப்பில்லை. கடைக்காரர், அப்படித்தான் கேட்பார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் வாரம் தவறாமல் அக்காவைப் போய்ப் பார்த்தேன், கிள்ளான் வீட்டில்தான். நிலத்தின் பக்கம் போகவில்லை. காய்கறி வாங்கிக்கொண்டு போவேன், மருந்து எடுத்துக்கொடுப்பேன், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போவேன். ஆனால் என் தப்பைச் சொன்னால் கயிற்றையும் சொல்ல வேண்டும். கயிற்றைச் சொன்னால் அதன்மேல் அக்கா போட்ட முடிச்சையும் சொல்ல வேண்டும். அவளைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே நல்லவள் வேஷம் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் அக்கா கடைக்கே போன் பண்ணினாள். "ஸ்டியரிங் மாத்தணும். பார்ட்ஸும் ஆளும் அனுப்பு. டுரியான் விழப்போகுது, கீழ புல்லு மண்டிக் கிடக்கு."

"யாருக்கா ஓட்டப் போறது?"

"நான்தான். அவரு கத்துக்கொடுத்தாருல்ல."

வெள்ளிக்கிழமை மெக்கானிக் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தான். வளைவைப் பற்றி ஏதாவது பேசினானா என்று அவனிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. சனிக்கிழமை காலையில் கைப்பையில் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு செமினிக்குக் கிளம்பினேன். அக்கா அடுப்பருகே இருக்கும்போது சத்தமில்லாமல் கயிற்றை அறுத்து, வளைவை நிமிர்த்திவிட்டு, கிளை இடிக்காமலிருக்க மரத்தைக் கழிக்கச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். ஐம்பத்து மூன்று வயதில் திருடி மாதிரி.

கொட்டகையில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. வளைவு நேராக நிமிர்ந்திருந்தது. மஞ்சள் கயிறும் இல்லை, ராஃபியாவும் இல்லை. நான் பார்ப்பதை அக்கா பார்த்தாள்.

"கருமாதி முடிஞ்ச மறுநாளே இங்க வந்து அறுத்துட்டேன்" என்றாள். கொட்டகை அலமாரியிலிருந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துவந்தாள். அத்தான் அங்கே வைத்திருந்த வேலைச் சட்டைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்ததாம். ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தாள். அதில் இரண்டு படம். ஒன்றில் வளைவு நிமிர்ந்திருக்கிறது, ஆள் பெல்ட் போட்டிருக்கிறான். இன்னொன்றில் வளைவு மடங்கியிருக்கிறது, ஆள் பெல்ட் போட்டிருக்கிறான், மேலே பெரிதாகச் சிவப்பில் குறுக்குக்கோடு.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கயிறு கட்டுனது நான். பெல்ட் போடச் சொன்னது நீ. சோறு போட்டுக்கிட்டே நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். உன்கிட்ட காட்டுனா நீ தாங்கமாட்டேன்னுதான் மறைச்சு வச்சேன், பாப்பா. நம்ம ரெண்டு பேருக்குமே தெரியல. தெரியாம செஞ்சதுக்கு என்ன பண்ணுறது?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஒன்பது மாதம் அவளும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தக் கையின் சூட்டில் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியிலயே ஞாபகம் வந்திருச்சு. போன் பண்ணணும்னு நெனச்சேன். பண்ணல."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

"மூணு வாரம் இருந்துச்சேடி" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, கணக்குப் பார்க்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். பிறகு என் கையை விட்டாள்.

அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். வளைவின் பூட்டாணிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க நான் பழக்கத்தில் கை நீட்டினேன். என் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு இரண்டு பக்கமும் அவளே இழுத்துப் பார்த்தாள். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மடியில் புத்தகத்தை விரித்து, அந்தப் படத்தை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள். இரண்டடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.